ஒரே பில், அஞ்சு தலைப்பு: 300 ரூபாய் தள்ளுபடியை எந்தக் கணக்கில் எழுதுவது?

மாசக்கணக்கு கேட்டது:

வீட்டுச் செலவுக்கு அஞ்சு தலைப்பு: மளிகை, சுத்தம், படிப்பு, பாத்திரம், மொய்-பரிசு. ஒவ்வொன்றுக்கும் மாதா மாதம் இவ்வளவு என்று ஒதுக்கீடு இருக்கிறது. தனித்தனிக் கடையில் வாங்கும்வரை சிக்கல் இல்லை. சூப்பர் மார்க்கெட் பில்லில்தான் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. இந்த மாத பில்லைத் தலைப்புவாரியாகக் கூட்டினால்:

மளிகை 2,740.40
சுத்தம் (சலவைத் தூள், குளியல் சோப்பு, ஃபினாயில்) 685
படிப்பு (நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ்) 410
பாத்திரம் (3 லிட்டர் குக்கர்) 1,450
பரிசு (பிறந்தநாள் பொம்மை) 399
துணிப்பை 15
மொத்தம் 5,699.40
கூப்பன் தள்ளுபடி 300, ரவுண்ட் ஆஃப் 0.40
கட்டியது 5,399

இதில் 1,000 ரூபாய் அலுவலகம் கொடுத்த உணவு அட்டையில் போனது, மீதி 4,399 யுபிஐ.

தள்ளுபடியை எந்தத் தலைப்பில் கழிப்பது? பை காசு யாருக்கு? பில்லின் அடியில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறதே, அதையும் பிரிக்க வேண்டுமா? ரெண்டு வழியில் பணம் போயிருப்பதை எப்படி எழுதுவது? இப்போதைக்கு மொத்தத்தையும் மளிகை என்று எழுதிவைத்தால் மளிகை ஒதுக்கீடு 4,000 தாண்டிச் சிவப்பில் நிற்கிறது.

—

பேரேடு பதில்:

முதலில் வரியைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான். சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் கட்டுவது எம்ஆர்பி அல்லது அதற்குக் கீழே ஒரு விலை. எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் அடக்கம். அடியில் இருக்கும் வரிப் பட்டியல், அந்த விலைக்குள்ளேயே எவ்வளவு வரி இருக்கிறது என்று காட்டுவது மட்டும்தான். அதை மறுபடி கூட்டினால் கணக்கு இடிக்கும். தொடவே வேண்டாம்.

வரி தனியாக ஏறும் பில் வேறு ரகம். மொத்த விற்பனைக் கடை, ஹார்டுவேர் கடை பில்களில் பொருள் விலை முதலில், வரி அப்புறம். அங்கே வரியைப் பொருள்வாரியாகவே போட வேண்டும், விகிதத்தில் பரப்பக் கூடாது. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு குளியல் சோப்புக்கு 5 சதவீதம், சலவைத் தூளுக்கு 18. வரிக்கு முன் சோப்பு 400, தூள் 600 என்றால் வரி 20 + 108 = 128. இந்த 128ஐ 400:600 என்று பரப்பினால் சோப்பின் தலையில் 51.20 விழும். ரெண்டும் ஒரே தலைப்பில் இருந்தால் பரவாயில்லை, சோப்பு ஒரு பக்கம் தூள் ஒரு பக்கம் என்று வைத்திருப்பவர்களுக்கு 31 ரூபாய் இடம் மாறிவிடும்.

இனி கூப்பன். மொத்த பில்லுக்கான கூப்பன் என்றால் விகிதப்படி பிரிப்பதுதான் முறை. பையை மளிகையோடு சேர்த்துவிடுங்கள். 15 ரூபாய்க்கு ஒரு தலைப்பு வைத்தால் அது வருஷம் முழுக்கக் காலியாகவே கிடக்கும். மளிகை இப்போது 2,755.40.

கட்டியதைப் பில் தொகையால் வகுங்கள்: 5,399 ÷ 5,699.40 = 0.9473. இந்த ஒரே எண்ணால் எல்லாவற்றையும் பெருக்க வேண்டியதுதான். ரவுண்ட் ஆஃபும் இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது, அதைத் தனியாகத் தேட வேண்டாம்.

மளிகை 2,610
சுத்தம் 649
படிப்பு 388
பாத்திரம் 1,374
பரிசு 378
கூட்டினால் 5,399.

இங்கே ரூபாய்க்கு முழுமையாக்கியும் கூட்டுத்தொகை சரியாக விழுந்துவிட்டது. எப்போதும் விழாது, ஒரு ரூபாய் முன்னே பின்னே வரும். அந்த ஒரு ரூபாயைப் பெரிய தலைப்பில் போட்டு மூடுங்கள். நடைமுறையில் சுலபம்: சின்னத் தலைப்புகளை மட்டும் பெருக்கி, கட்டிய தொகையிலிருந்து கழித்து, மீதியை மளிகைக்கு எழுதுவது.

மூன்று இடங்களில் இந்த விகிதம் பொருந்தாது. ஒன்று, கூப்பனில் நிபந்தனை இருந்தால். "மளிகை 2,500க்கு மேல் வாங்கினால் 300" என்று போட்டிருந்தால் அந்த 300ஐச் சம்பாதித்தது மளிகை. அப்போது மளிகை 2,455, மற்ற நான்கும் முழு விலையில் 2,944. இரண்டு, கூப்பன் விதியில் சில பொருள்களை விலக்கியிருந்தால் (எண்ணெய், சர்க்கரை, அரிசியை விலக்கும் கடைகள் உண்டு) அவற்றை நீக்கிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் விகிதம் போட வேண்டும். மூன்று, பில்லிலேயே ஒவ்வொரு பொருளுக்கு நேராகவும் தள்ளுபடி அச்சாகியிருந்தால். கடைக்காரரின் கணினி ஏற்கெனவே பிரித்துவிட்டது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தள்ளுபடியும் மளிகைக்கே என்று மொத்தமாக எழுதினால் என்ன கெட்டுப்போகும்? குக்கரைத் திருப்பிக் கொடுக்கும்போது தெரியும். தள்ளுபடியைப் பொருள்வாரியாகப் பரப்பும் கடையில் கைக்கு வருவது 1,374, ஆனால் பாத்திரக் கணக்கில் 1,450 செலவு என்று இருக்கும். பொருளே வீட்டில் இல்லாமல் 76 ரூபாய் செலவு மட்டும் அங்கே தங்கிவிடும். திரும்பி வரும் பணத்தை வரவு என்று எழுதாதீர்கள். அதே தலைப்பில், பணம் வந்த தேதியில், கழித்தல் குறியோடு எழுதுங்கள்.

—

சில்லறைப்பை பதில்:

பேரேடு சார் சொன்னது சரி. ஆனா பெருக்கல் வகுத்தலுக்கு முன்னாடி, பில்லுல கோடு போட்டுக் கூட்டுற வேலைதான் பெரிசு. அதைக் கல்லாவிலேயே பாதி முடிச்சுடலாம்.

பெரும்பாலான கடைல ஸ்கேன் பண்ணுற வரிசையிலதான் பில் அச்சாகும். அதனால சாமானை வைக்கும்போதே மளிகை முதல்ல, அப்புறம் சோப்பு வகையறா, கடைசியா நோட்டு, குக்கர், பொம்மைன்னு வைங்க. பில் கைக்கு வரும்போது தலைப்பு மாறுற இடத்துல பேனாவால ஒரு குறுக்குக் கோடு போட்டா போதும். சில கடைல ஜிஎஸ்டி விகிதப்படி கூட்டம் கூட்டமா அச்சாகும், அங்க இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் சு, ப, பா-ன்னு ஒரு எழுத்துக் குறிச்சுக்கணும். மளிகைக்குக் குறி வேண்டாம். குறி இல்லாதது எல்லாம் மளிகை.

இதான் முக்கியம்: நாப்பது வரி பில்லுல முப்பது வரி மளிகையா இருக்கும். அந்த முப்பதை எதுக்குக் கூட்டணும்? குறி போட்ட பத்தை மட்டும் கூட்டிக் கழிங்க.

அந்த பில் வெப்பத்துல அச்சாகுற தாள். மேசை மேல வெயில் படுற இடத்துலயோ, பிளாஸ்டிக் உறைக்குள்ளயோ வெச்சா கொஞ்ச நாள்ல வெளுத்துடும். லேமினேட் பண்ணினா முழுசா கறுத்துடும். குறி போட்டதும் ஒரு போட்டோ எடுத்துடுங்க, குக்கர் வாரன்டிக்கும் அதுதான் உதவும்.

இன்னொண்ணு, எல்லா பில்லையும் பிரிக்காதீங்க. 600 ரூபாய் மளிகை பில்லுல 40 ரூபாய்க்கு ஒரு பாத்திரம் தேய்க்கிற சோப்பு இருந்தா அது மளிகைதான், விடுங்க. ஒரு தலைப்போட மாச ஒதுக்கீட்டுல பத்துல ஒரு பங்காவது வந்தா பிரிக்கலாம்னு ஒரு அளவு வெச்சுக்கலாம். படிப்புக்கு மாசம் 1,000 ஒதுக்கினா 100க்குக் கீழ வர்ற பேனா பென்சிலுக்குக் கோடு போட வேண்டாம். இந்த அளவு இல்லாம ஆரம்பிக்கிறவங்க மூணாவது மாசம் நோட்டையே மூடி வெச்சுடுவாங்க.

உணவு அட்டைக்குச் சுலபமான வழி, கல்லாவிலேயே ரெண்டு பில்லாப் போடச் சொல்றது. சாப்பாட்டுச் சாமான் ஒரு பில் அட்டைக்கு, மத்தது யுபிஐக்கு. பிரிவும் தானா வந்துடும். ஆனா கூப்பன் இருக்குற அன்னிக்கு யோசிங்க. 5,000க்கு மேல வாங்கினாதான் 300னா, ரெண்டா உடைச்சதும் ரெண்டு பில்லுமே 5,000க்குக் கீழ போயிடும், கூப்பன் கிடைக்காது. அன்னிக்கு ஒரே பில்லாப் போட்டுட்டு வீட்டுல வந்து பிரிக்கிறதுதான் லாபம்.

—

கட்டமும்கோடும் பதில்:

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் வைத்திருப்பவர்களுக்கு. ஒரு பில்லுக்கு ஒரு வரி, தலைப்புகள் குறுக்கே தனித்தனிப் பத்தியாக என்று போடும் பழக்கம் அதிகம். ஆறாவது தலைப்பு சேரும் நாளில் எல்லா ஃபார்முலாவும் உடையும். ஒரு தலைப்புக்கு ஒரு வரி என்று போடுங்கள். உங்கள் பில் அஞ்சு வரியாக வரும், அஞ்சிலும் ஒரே பில் சாவி (எந்த பில் என்று காட்டும் அடையாளம்).

ரெண்டு தாள் வேண்டும். "பில்கள்" தாளில் பில்லுக்கு ஒரு வரி: சாவி, தேதி, கடை, கட்டிய தொகை. "பிரிவு" தாளில் தலைப்புக்கு ஒரு வரி: சாவி, தலைப்பு, பில் விலை, உண்மைச் செலவு. கட்டிய தொகையைப் பிரிவு தாளில் அஞ்சு வரியிலும் எழுதிவிட்டால் மாதக் கூட்டலில் 5,399 அஞ்சு முறை ஏறி 26,995 ஆகிவிடும். அதனால்தான் ரெண்டு தாள்.

உண்மைச் செலவுக்கான ஃபார்முலாவை வார்த்தையில் சொல்கிறேன்: இந்த வரியின் பில் விலை, பெருக்கல் பில்கள் தாளில் அந்தச் சாவிக்கு நேரான கட்டிய தொகை (விலுக்அப்), வகுத்தல் அந்தச் சாவி உள்ள எல்லா வரிகளின் பில் விலைக் கூட்டல் (சம்இஃப்ஸ்). வெளியே ரவுண்ட் போட்டுப் பூஜ்ஜிய தசமம். பில்கள் தாளின் கடைசிப் பத்தியில் ஒரு சரிபார்ப்பு: கட்டிய தொகையிலிருந்து பிரிவு தாளின் உண்மைச் செலவுக் கூட்டலைக் கழிப்பது. பூஜ்ஜியம் வர வேண்டும். வராவிட்டால் கட்டம் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மட்டிங் கொடுத்துவிடுங்கள். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என்றால் முழுமையாக்கிய வித்தியாசம், மளிகை வரியில் கையால் திருத்தலாம். 15, 40 என்று வந்தால் ஏதோ ஒரு பொருள் விட்டுப்போயிருக்கிறது.

மாதக் கடைசியில் பைவட் டேபிள் (தானாகத் தொகுத்துக் கூட்டும் அட்டவணை): வரிசையில் தலைப்பு, குறுக்கே மாதம், நடுவில் உண்மைச் செலவின் கூட்டல். தேதி பில்கள் தாளில்தான் இருக்கிறது என்பதால், பிரிவு தாளில் மாதத்துக்கு ஒரு பத்தி வைத்து அதையும் விலுக்அப்பில் இழுத்துக்கொள்ளுங்கள்.

இதில் நடக்கும் தவறுகள் எல்லாம் சத்தமே இல்லாமல் நடப்பவை.

பில் எண்ணை மட்டும் சாவியாக வைக்காதீர்கள். ரெண்டு கடையில் ஒரே எண் வரலாம், ஒரே கடையிலும் நிதியாண்டு மாறினால் எண் ஒன்றிலிருந்து தொடங்கலாம். தேதியும் எண்ணும் சேர்ந்தால்தான் சாவி. 0047 என்று அடித்தால் ஷீட்ஸ் 47 ஆக்கிவிடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே பிளெய்ன் டெக்ஸ்ட் ஆக்கிவைக்க வேண்டும்.

தொகைக்கு முன்னால் "ரூ." என்று கையால் அடித்தால் அது எண் அல்ல, எழுத்து. சம்இஃப்ஸ் பிழை காட்டாது, அந்த வரியைச் சும்மா விட்டுவிடும். எண்ணாக இருந்தால் கட்டத்தில் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாக மாறியது இடப்பக்கம் ஒதுங்கும். கண்ணால் ஒரு ஓட்டம் பார்த்தாலே பிடித்துவிடலாம்.

"மளிகை" என்று ஓரிடம், கடைசியில் ஒரு இடைவெளியோடு இன்னோரிடம் அடித்தால் பைவட்டில் ரெண்டு மளிகை வரும். டேட்டா வேலிடேஷன் மூலம் கீழிறங்கு பட்டியல் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

—

மாசக்கணக்கு:

மூன்று பேருக்கும் நன்றி. 0.9473 போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. இந்த பில்லுக்குக் கூப்பனில் நிபந்தனை எதுவும் இல்லை.

இன்னும் மூன்று. ரெண்டு வழியில் போன பணம் செயலியில் எப்படி? 26 கிலோ அரிசி மூட்டை வாங்கும் மாதம் மளிகை எகிறுகிறது, அடுத்த மாதம் படுத்துவிடுகிறது. இதையும் ரெண்டு மாதத்துக்குப் பிரிக்கலாமா? பாத்திரத்துக்கு மாதம் 250தான் ஒதுக்கீடு, குக்கர் 1,374. அந்தத் தலைப்பு கிழிந்தே போய்விட்டது.

—

பேரேடு பதில்:

குனூகேஷ் மாதிரி இரட்டைப் பதிவு (பணம் எங்கிருந்து போனது, எதற்குப் போனது என்று ரெண்டு பக்கமும் எழுதும்) மென்பொருளில் இது ஒரே பரிவர்த்தனை, ஏழு வரி. உணவு அட்டையை, வங்கிக் கணக்கைப் போல, ஒரு சொத்துக் கணக்காகத் திறந்துகொள்ளுங்கள். மாதம் அட்டையில் பணம் ஏறும்போது அது வரவு, கடையில் தேய்க்கும்போது செலவு. கடை பில்லுக்கு "ஸ்பிளிட்" பொத்தானை அழுத்தினால் வரிகள் விரியும்: உணவு அட்டை 1,000, வங்கி 4,399 ஒரு பக்கம், அஞ்சு செலவுத் தலைப்பு மறுபக்கம். தொகைக் கட்டத்திலேயே 410*0.9473 என்று அடிக்கலாம், கணக்கிட்டுக்கொள்ளும். ரெண்டு பக்கமும் சமன் ஆகாவிட்டால், இடைவெளியை "இம்பேலன்ஸ்" என்று தொடங்கும் ஒரு கணக்கில் தானாகக் கொண்டுபோய் வைக்கும். அந்தக் கணக்கில் இருப்புக் காட்டினால் எங்கோ ஒரு பில் அரைகுறையாக நிற்கிறது என்று பொருள்.

ஒரு பதிவுக்கு ஒரே பணவழிதான் என்று கட்டுப்படுத்தும் செயலிகளில் ரெண்டு பதிவு போட வேண்டும். உணவு அட்டைப் பதிவில் 1,000 முழுவதும் மளிகை, ஏனென்றால் அது உணவுக்கான காசு. யுபிஐ பதிவில் 4,399: மளிகை 1,610, சுத்தம் 649, படிப்பு 388, பாத்திரம் 1,374, பரிசு 378. 1,000ஐயும் அஞ்சாகப் பிரிக்கத் தேவையே இல்லை.

எஸ்எம்எஸ் படித்துத் தானே பதிவு போடும் செயலி வைத்திருந்தால் கவனம். கடைப் பெயரைப் பார்த்து 4,399 மொத்தத்தையும் மளிகை என்று எழுதிவைத்திருக்கும். நீங்கள் கையால் அஞ்சாகப் பிரித்து எழுதிய பிறகும் அது அங்கேயே இருக்கும், செலவு ரெட்டிப்பாகும். புதிதாக எழுதாமல் அது எழுதியதைத் திறந்து பிரியுங்கள்.

கடன் அட்டையில் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாங்கிய தேதியில் அஞ்சு தலைப்பும் செலவு. அட்டை பில்லை அடுத்த மாதம் கட்டுவது ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான், அது செலவே அல்ல. "நோ காஸ்ட்" தவணை (வட்டி அளவுக்கு விலையில் தள்ளுபடி தருவது) எடுத்தால் பொருள் விலை பாத்திரக் கணக்கு, வட்டிக்கு மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாம் வங்கிக் கட்டணம் என்ற தலைப்பு. குக்கரின் தலையில் கட்டாதீர்கள்.

—

சில்லறைப்பை பதில்:

அரிசிக்கு வர்றேன். பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசிக்கு 25 கிலோ வரைக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டின்னு 2022 ஜூலைல வந்ததுக்கு அப்புறம்தான் இந்த 26 கிலோ மூட்டையே வந்துச்சு, அது தனிக் கதை.

கிலோ 60 ரூபாய்னா மூட்டை 1,560. மாசம் 13 கிலோ ஆகுற வீட்டுக்கு ரெண்டு மாசம் வரும். 780, 780ன்னு பிரிக்கலாம். குனூகேஷ்ல "அரிசி இருப்பு"ன்னு ஒரு சொத்துக் கணக்கு வெச்சு, வாங்கின அன்னிக்கு 1,560 அதுல போட்டு, மாசக் கடைசில 780ஐ மளிகைக்கு மாத்தணும். செய்யலாம், ஆனா நான் வேண்டாம்னுதான் சொல்வேன். அரிசிக்குச் செஞ்சா அடுத்து 5 லிட்டர் எண்ணெய் டின், அப்புறம் ஒரு வருஷத்துப் புளி, மிளகாய்னு இழுக்கும். வீடு கிடங்குக் கணக்கு எழுதுற இடமா ஆயிடும். மளிகை ஒதுக்கீட்டை மாசத்துக்கு 4,000ன்னு பாக்காம ரெண்டு மாசத்துக்கு 8,000ன்னு பாருங்க, அரிசி ஏத்தம் அதுக்குள்ளயே அடங்கிடும்.

கவர்ல ரொக்கம் போட்டு வெக்கிறவங்களுக்கு மட்டும் இது போதாது, ஏன்னா மூட்டை வாங்குற மாசம் கவர்ல நிஜமாவே காசு இருக்காது. அவங்க "மூட்டை"ன்னு தனி கவர் வெச்சு மாசம் 780 போட்டு வரணும், ரெண்டாவது மாசக் கடைசில வாங்கணும்.

குக்கர் விஷயம் வேற. அது மாசச் செலவே இல்ல. பாத்திரத் தலைப்புல மீதியை மாசா மாசம் பூஜ்ஜியமாக்குறீங்களா? அங்கதான் தப்பு. மளிகைல மிச்சம் ஆனதை ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கழிச்சுக்கலாம், பாத்திரம், மருந்து, துணிமணி இதுல எல்லாம் மிச்சம் அடுத்த மாசத்துக்குப் போகணும். 250 வீதம் ஆறு மாசம் சேர்ந்தா 1,500, குக்கர் போக 126 கையில நிக்கும். இந்த முறை சேராம வாங்கிட்டதால, பாத்திரத் தலைப்புல அந்த 1,124ஐ மைனஸ்லயே காட்டுங்க. மளிகைலேர்ந்து எடுத்து மூடாதீங்க. அஞ்சாவது மாசம் அது தானா நேராகும், அதுவரைக்கும் தவா மாத்தணும்னு தோணும்போது அந்த மைனஸ் கண்ணுல படும்.

—

கட்டமும்கோடும் பதில்:

மைனஸை அடுத்த மாதம் கொண்டுபோக பைவட்டில் வழி இல்லை. தனியாக ஒரு சின்னக் கட்டம் வேண்டும்: போன மாத மீதி, கூட்டல் இந்த மாத ஒதுக்கீடு, கழித்தல் இந்த மாதச் செலவு. போன மாத மீதியில் சுத்தத்துக்கு மாதா மாதமும், மளிகைக்கு ரெண்டு மாதத்துக்கு ஒருமுறையும் பூஜ்ஜியம் அடித்துவிடுங்கள், பாத்திரம், படிப்பு, பரிசு மூன்றுக்கும் மேல் வரியிலிருந்து இழுக்கட்டும். படிப்பைச் சேர்க்கக் காரணம் ஜூன் மாதம்.